4294967297 பகா எண்ணா? காரணிகளைக் கையாலயே கண்டுபிடிக்கலாம்

கேள்வி இதுதான்: 4294967297-னு ஒரு பத்து இலக்க எண், 3, 7, 11, 13-ல ஆரம்பிச்சு ரெண்டு இலக்க பகா எண் எல்லாத்தாலயும் வகுத்துப் பார்த்தாச்சு, எதுலயும் மீதியில்லாம போகல, அப்போ இது பிரைமா, இல்லைன்னா காரணி எப்படி கண்டுபிடிக்கிறது, இந்த எண்ணுக்கு வேற என்ன விசேஷம்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன், பிரைம் இல்ல. 641 × 6700417. சரிபார்க்கணும்னா 6700417-ஐ 600-ஆல பெருக்குங்க, 4020250200, அப்புறம் 41-ஆல பெருக்குங்க, 274717097, ரெண்டையும் கூட்டினா அச்சு அசலா 4294967297. ரெண்டு காரணியுமே பகா எண்தான், அதனால இதுக்கு மேல உடையாது.

ஆனா இந்த விடையை மட்டும் வாங்கிட்டுப் போனா பாதிக்கு மேல இழந்துடுவீங்க. இந்த எண்ணை நான் பல வருஷமா எல்லார்கிட்டயும் காட்டறதுக்கு காரணமே, ஒரு பெரிய எண்ணை இலக்கங்களா பார்க்காம அது எப்படி உருவாச்சுன்னு பார்த்தா என்னெல்லாம் கிடைக்கும்னு இதைவிட நல்லா சொல்ற எண் எனக்குத் தெரியல.

முதல்ல குருட்டு வழி எவ்வளவு தூரம்னு பாருங்க. ஒரு எண் உடையும்னா ஒரு காரணியாவது அதோட வர்க்கமூலத்துக்குள்ள இருக்கணும், அதனால அது வரைக்கும் பார்த்தா போதும். இதோட வர்க்கமூலம் 65536-க்கு ஒரு துளி மேல. அதுக்குக் கீழ இருக்கற பகா எண் மொத்தம் 6542. 2, 3, 5-னு வரிசையா போனா 116-வது பகா எண்ணான 641-ல மாட்டும், அதாவது நூத்துக்கும் மேல வகுத்தல். கம்ப்யூட்டருக்கு கண் சிமிட்டற நேரம் கூட ஆகாது, கையால போட்டா ஒரு நாள் போயிடும், அதுவும் நடுவுல ஒரு இடத்துல கணக்கு தப்பினா தெரியவே தெரியாது.

இப்போ உருவத்துக்கு வாங்க. 65536-ஐ வர்க்கப்படுத்தினா 4294967296, அதோட ஒண்ணு கூட்டினா நம்ம எண். 65536-ங்கறது 2¹⁶, அப்போ நம்ம எண் 2³² + 1. இருமத்துல (0, 1 மட்டும் வச்சு எழுதற முறை, அதுல ஒவ்வொரு இலக்கமும் ஒரு பிட்) எழுதினா முதல்ல ஒரு 1, நடுவுல 31 பூஜ்யம், கடைசில ஒரு 1, மொத்தம் 33 பிட், முன்னாடி இருந்து படிச்சாலும் பின்னாடி இருந்து படிச்சாலும் ஒண்ணுதான். புரோகிராம் எழுதறவங்களுக்கு இது பரிச்சயமான இடம், 32 பிட்ல வைக்கக்கூடிய ஆகப் பெரிய எண் 4294967295, நம்ம எண் அதைவிட ரெண்டு ஜாஸ்தி, அதனால 32 பிட் இடத்துல இதைப் போட்டா மேல இருக்கற 1 வெட்டுப்பட்டு வெறும் 1-ஆ நிக்கும், எர்ரர் கூட வராது. இந்த எண்ணை வச்சு கணக்கு போடறவங்க கண்டிப்பா 64 பிட்ல போடுங்க, மீதி எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு எண்ணைப் பெருக்கினா 64-ம் பத்தாம போகலாம், அதையும் கவனிங்க.

2³² + 1-னு எழுதின உடனே இதுக்கு ஒரு குடும்பம் இருக்கறது தெரியுது. 2-க்கு மேல இருக்கற அடுக்கும் 2-ஓட அடுக்காவே இருந்து, அதோட 1 கூட்டினா ஃபெர்மா எண். அடுக்கு 1, 2, 4, 8, 16-னு போட்டா 3, 5, 17, 257, 65537, அஞ்சும் பகா எண். 1640-ல பிரெஞ்சு கணித மேதை ஃபெர்மா இந்த வரிசை முழுக்க பகா எண்தான்னு தான் நம்பறதா கடிதத்துல எழுதினார், நிரூபணம் தன்கிட்ட இல்லைன்னும் சொல்லிருந்தார். அடுத்தது அடுக்கு 32, அதுதான் நம்ம ஆளு. 1729 டிசம்பர்ல கோல்ட்பாக்ங்கற கணித அறிஞர், இன்னொரு கணித மேதையான ஆய்லருக்கு எழுதின கடிதத்துல இதைக் கேட்டார், 1732-ல ஆய்லர் 641-ஐ எடுத்து வச்சார். கிட்டத்தட்ட 90 வருஷம் யாரும் தொடாம கிடந்த விஷயம், ஆனா கணக்கைப் பார்த்தா ஒரு பக்கத்துல முடியுது, அதுவும் ஃபெர்மாவோட சொந்தத் தேற்றத்தை வச்சே முடியுது.

எப்படின்னா, ஏதோ ஒரு பகா எண் நம்ம எண்ணை மீதியில்லாம வகுக்குதுன்னு வச்சுக்கோங்க. அப்போ அந்த பகா எண்ணால 2³²-ஐ வகுத்தா மீதி −1 (மைனஸ் பிடிக்கலைன்னா, அந்த பகா எண்ணுக்கு ஒண்ணு கம்மி). அதையே வர்க்கப்படுத்தினா 2⁶⁴-க்கு மீதி 1. இப்போ 2, 4, 8, 16-னு 2-ஓட அடுக்குகளை வரிசையா எடுத்து ஒவ்வொண்ணுக்கும் மீதி பார்த்துட்டே போங்க, முதல்முறையா 1 வர்ற அடுக்கு எதுவோ அது 64-ஐ வகுக்கணும், அது 32-ஆவோ 16-ஆவோ அதுக்கும் கீழயோ இருந்தா 32-லயும் 1-தான் வந்திருக்கணும், நமக்கு 32-ல −1 வருது, அதனால முதல்முறை 1 வர்றது சரியா 64-ல. இங்கதான் ஃபெர்மாவோட சிறிய தேற்றம் வருது: எந்த பகா எண்ணை எடுத்தாலும் (2-ஐ விட்டுட்டு) அதுல ஒண்ணு குறைச்சு அந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினா மீதி 1. 1 வர்றது 64-க்கு ஒருதடவைதான்னா, பகா எண்ணுல ஒண்ணு குறைச்சது 64-ஓட மடங்காத்தான் இருக்கணும். முடிஞ்சது. நம்ம எண்ணோட எந்த பகாக் காரணியும் 64-ஓட ஒரு மடங்கோட 1 கூட்டினதாத்தான் இருக்கும்.

இதோட பலத்தைப் பாருங்க. 64-ஓட மடங்கு கூட 1: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதுல பகா எண் 193, 257, 449, 577, 641 மட்டும்தான். அஞ்சாவது வகுத்தல்ல விடை! 116 எங்க, 5 எங்க. 3, 7, 11, 13-னு நீங்க போட்ட வகுத்தல் எதுவும் ஏன் போகலைங்கறதும் இப்போ புரியும், அதுல ஒண்ணு கூட போகவே முடியாது, 193-க்குக் கீழ எதுக்கும் வாய்ப்பே இல்ல.

இதையும் இன்னும் சுருக்கலாம். 1878-ல லூகாஸ் காட்டினது, 64 இல்ல, 128-ஓட மடங்கு கூட 1 (8-ஆல வகுத்தா மீதி 1 வர்ற பகா எண் எதுக்கும் 2 ஒரு வர்க்கத்தோட மீதியா வரும், அந்த வர்க்கமூலத்துக்கு முதல்முறை மீதி 1 வர்ற அடுக்கு 64-க்கு பதிலா 128 ஆகிடும், அதான் விஷயம்). அப்போ 129, 257, 385, 513, 641, இதுல பகா எண் ரெண்டே ரெண்டு, 257-ம் 641-ம். 257 போகாதுன்னு வகுக்காமலே சொல்லலாம், எப்படின்னு கீழ வருது. ஆக மிச்சம் 641 ஒண்ணுதான்.

641 போகும்ங்கறதுக்கும் பெரிய வகுத்தல் தேவையில்ல, இதைத் தெரிஞ்சுக்கிட்டா மனசுலயே போட்டுடலாம். 641-ஐ ரெண்டு விதமா எழுதலாம்: 5 × 128 + 1, அதாவது 5 × 2⁷ + 1. இன்னொண்ணு 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல்ல இருக்கறது என்ன சொல்லுதுன்னா 641-ஆல வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. அதை நாலாம் அடுக்குக்கு ஏத்துங்க, 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ரெண்டாவது சொல்றது, 5⁴-ம் −2⁴-ம் ஒரே மீதி. அதனால 5⁴ இருந்த இடத்துல −2⁴-ஐ வைங்க, −2³²-க்கு மீதி 1, அப்போ 2³² + 1-க்கு மீதி 0. மூணு வரி. பத்து இலக்க எண்ணை நாம தொடவே இல்ல, 5, 128, 625, 16 இதை மட்டும் வச்சு முடிச்சாச்சு. நிறைய பேர் இதைப் பார்த்துட்டு யாரோ தற்செயலா கண்டுபிடிச்ச வித்தைன்னு நினைப்பாங்க, ஆனா 641 எங்க இருந்து வந்துச்சுன்னு மேல இருக்கற 128 கணக்கு சொல்லுது, 5 × 128 + 1 தானா வந்து விழுது.

சரி, 641 போச்சு, மிச்சம் 6700417 பகா எண்ணான்னு யாரு பார்க்கறது? இங்கயும் அதே கருவிதான், இந்த இடம் எனக்கு ரொம்ப பிடிக்கும். 6700417-க்கு ஒரு பகாக் காரணி இருந்தா அது நம்ம பெரிய எண்ணுக்கும் காரணி, அதனால அதுவும் 128-ஓட மடங்கு கூட 1-ஆத்தான் இருக்கணும். 6700417-ஓட வர்க்கமூலம் 2588 சொச்சம். 2588 வரைக்கும் 128-ஓட மடங்கு கூட 1 வர்ற எண்கள் 20, அதுல பகா எண் 257, 641, 769, 1153, 1409 மட்டும்தான் (1537 பகா எண் மாதிரி தெரியும், 29 × 53. 1921-ம் அப்படித்தான், 17 × 113). 257-ஐ விட்டுட்டா நாலே நாலு வகுத்தல். 641-ஆல வகுத்தா மீதி 44, 769-ஆல 120, 1153-ஆல 334, 1409-ஆல 622. எதுவும் போகல, ஆக 6700417 பகா எண், சந்தேகமே வேண்டாம். ஏழு இலக்க எண்ணை நாலு வகுத்தல்ல பகா எண்ணுன்னு நிரூபிக்கிற வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது, ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாருங்க.

இப்போ வேற ஒரு திசையில இருந்து இதே எண்ணைப் பார்க்கலாம், ரெண்டு வர்க்கங்களோட கூடுதல். 65536² + 1²-னு ஒரு வழி எல்லாருக்கும் தெரியுது. 4-ஆல வகுத்தா மீதி 1 வர்ற பகா எண்ணை ரெண்டு வர்க்கத்தோட கூடுதலா ஒரே ஒரு வழியிலதான் எழுத முடியும், ரெண்டாவது வழி ஒண்ணு இருந்தா அந்த எண் பகு எண்ணுங்கறது நிச்சயம். நம்ம எண்ணுக்கு ரெண்டாவது வழி இருக்கு: 62264² + 20449². முதல் வர்க்கம் 3876805696, ரெண்டாவது 418161601, கூட்டிப் பாருங்க, கரெக்டா 4294967297. இது எங்க இருந்து வந்துச்சுன்னா 641 = 25² + 4², 6700417 = 2556² + 409², இந்த ரெண்டையும் பெருக்கும்போது குறுக்கா 25 × 2556-ம் 4 × 409-ம் எடுங்க, 63900-ம் 1636-ம், கூட்டினா 65536, கழிச்சா 62264. இன்னொரு பக்கம் 25 × 409 = 10225, 4 × 2556 = 10224, கழிச்சா 1, கூட்டினா 20449. ஒரு எண் 10225, இன்னொண்ணு 10224, வித்தியாசம் சரியா 1-ல வந்து நிக்குது, அதனாலதான் பெருக்கல் 65536² + 1-ஆ முடியுது. அதோட 20449-ங்கறது 143-ஓட வர்க்கம்! அதனால இந்த எண் 62264² + 143⁴-ம் கூட.

இதையே தலைகீழா ஓட்டி காரணியை எடுக்கலாம், ஆய்லரோட முறை. ரெண்டு வழியும் கையில இருக்குன்னா 65536-ல இருந்து 62264-ஐக் கழிங்க, 3272. 20449-ல இருந்து 1-ஐக் கழிங்க, 20448. இந்த ரெண்டுக்கும் மீப்பெரு பொது வகுஎண் 8. அப்புறம் கழிக்கறதுக்கு பதிலா கூட்டுங்க, 127800-ம் 20450-ம், அதுக்கு 50. 8-லயும் 50-லயும் பாதி 4, 25. 4² + 25² = 641. எங்கயும் வகுத்துத் தேடவே இல்ல, காரணி தானா வெளிய வந்துடுச்சு.

பிரைம் டெஸ்ட் பத்தி ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும், ஏன்னா இந்த எண்ணை வச்சு நிறைய பேர் ஏமாந்து போவாங்க. ஒரு எண் பகா எண்ணான்னு வேகமா பார்க்க, 2-ஐ அந்த எண்ணுல ஒண்ணு குறைச்ச அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருதான்னு பார்ப்பாங்க, 1 வரலைன்னா கண்டிப்பா பகு எண், வந்தா பகா எண்ணா இருக்கலாம். நம்ம எண்ணுக்கு இதைப் போட்டா 1 வரும், டெஸ்ட் பாஸ். காரணம் ரொம்ப எளிது, நம்ம எண்ணால வகுக்கும்போது 2³²-க்கு மீதி −1, 2⁶⁴-க்கு 1, நமக்கு வேண்டிய அடுக்கு 4294967296, அது 64-ஓட மடங்கு, அவ்வளவுதான். எந்த ஃபெர்மா எண்ணுக்கும் இந்த டெஸ்ட் பாஸ்தான் ஆகும், பகா எண்ணோ பகு எண்ணோ, அதனால 2-ஐ வச்சு இந்தக் குடும்பத்தை சோதிக்கறதுல அர்த்தமே இல்ல. 3-ஐ வைங்க. 1877-ல பெப்பின் கொடுத்த சோதனை: 3-ஐ 2³¹ அடுக்குக்கு உயர்த்தினா மீதி −1 வந்தா பகா எண், வரலைன்னா பகு எண், நடுவுல இருக்கலாம்ங்கற பேச்சே இல்ல. 3-ல ஆரம்பிச்சு 31 தடவை வர்க்கப்படுத்தி ஒவ்வொரு தடவையும் மீதி எடுத்துட்டே போனா போதும். நம்ம எண்ணுக்கு கடைசில வர்றது 10324303, −1 இல்ல, ஆக பகு எண். காரணி ஒண்ணு கூட தெரியாமலே பகு எண்ணுன்னு தெரிஞ்சுடுது.

அடுத்து, முன்னாடி பாக்கி வச்ச 257. ஃபெர்மா எண்களுக்குள்ள ஒரு உறவு இருக்கு: 3 × 5 × 17 × 257 × 65537-ஐப் பெருக்கினா 4294967295, நம்ம எண்ணுக்கு ரெண்டு கம்மி. வர்க்கங்களோட வித்தியாசத்தை உடைச்சுட்டே போனா (2³² − 1, அதை 2¹⁶ + 1-ம் 2¹⁶ − 1-ம் ஆக்கி, அப்படியே கீழ) இது தானா வரும். அதனால 3, 5, 17, 257, 65537 எதால வகுத்தாலும் நம்ம எண்ணுக்கு மீதி 2-தான், இதுல எதுவும் காரணி ஆக முடியாது. கடைசி இலக்கம் 7 ஏன்னும் இதுலயே இருக்கு, 5-ல முடியற எண்ணோட 2 கூட்டினா 7. ஃபெர்மா எண்கள்ல எந்த ரெண்டுக்கும் பொதுக் காரணி கிடையாதுன்னு கோல்ட்பாக் 1730-ல ஆய்லருக்கு எழுதினது இந்த உறவை வச்சுத்தான், பகா எண்கள் முடிவில்லாம இருக்குங்கறதும் அதுல இருந்தே வந்துடும்.

இந்தப் பக்கத்து எண் 4294967295-க்கு வடிவியல்ல ஒரு இடம் இருக்கு. அளவுகோலும் காம்பஸும் மட்டும் வச்சு எந்த ஒழுங்கு பலகோணத்தை வரையலாம்ங்கற கேள்விக்கு, 1796-ல காஸ் 18 வயசுல 17 பக்க பலகோணத்தை வரைய முடியும்னு காட்டினார், அப்புறம் முழு விடையும் வந்துச்சு: பக்கங்களோட எண்ணிக்கை ஒற்றைப்படைன்னா அது வெவ்வேற ஃபெர்மா பகா எண்களோட பெருக்கலா இருக்கணும், வேற எதுவும் முடியாது. நமக்குத் தெரிஞ்ச ஃபெர்மா பகா எண் அஞ்சு, அதனால ஒற்றைப்படை பக்கம் உள்ள பலகோணம் தெரிஞ்சது மொத்தம் 31, அதுல ஆகப் பெரியதுக்கு பக்கம் 4294967295. நம்ம எண் பகா எண்ணா இருந்திருந்தா இந்தப் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும். 641 ஃபெர்மா எண் இல்ல, அதனால 4294967297 பக்கத்தை வரைய முடியாது.

வகுஎண்கள் பத்தி சொல்ல அதிகம் இல்ல, 1, 641, 6700417, அந்த எண்ணு, மொத்தம் நாலு. நாலையும் கூட்டினா 4301668356. தன்னைவிட சின்னதா, தன்னோட பொதுக் காரணி இல்லாத எண்கள் 640 × 6700416 = 4288266240. ஒரு உதிரித் தகவல், 641 பத்தடிமானத்துலயும் இதே வேலையைச் செய்யுது, 10¹⁶ + 1-ஐயும் (1, பதினஞ்சு பூஜ்யம், 1) மீதியில்லாம வகுக்கும், அதனால 1/641-ஐ தசமத்துல எழுதினா 32 இலக்கத்துக்கு ஒருதடவை திரும்ப வரும்.

இந்தக் குடும்பத்துல அடுத்தது 2⁶⁴ + 1, அதை 1880-ல லாண்ட்ரி உடைச்சார், 274177 × 67280421310721. அங்க காரணிகள் 256-ஓட மடங்கு கூட 1, 274177-ஐ எடுத்துப் பாருங்க, 256 × 1071 + 1. அதுக்கு அடுத்தது 39 இலக்கம், 1970 வரைக்கும் யாராலயும் உடைக்க முடியல. அடுக்கு 2²⁰ இருக்கற ஃபெர்மா எண்ணுக்கு 315653 இலக்கம், பெப்பின் சோதனையால பகு எண்ணுன்னு நிச்சயமா தெரியும், ஆனா ஒரு காரணி கூட இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. அடுக்கு 32-ல (அதாவது நம்ம எண்ல) ஆரம்பிச்சு அடுக்கு 2³² வரைக்கும் எல்லாமே பகு எண், அடுக்கு 2³³-க்குத்தான் இன்னும் விடை இல்ல, அதுக்கு 258 கோடிக்கும் மேல இலக்கம். 65537-க்கு அப்புறம் ஒரு ஃபெர்மா பகா எண் கூட கிடைக்கல, இனிமே ஒண்ணு கூட இல்லைன்னும் யாரும் நிரூபிக்கல.

புரோகிராமுக்கு இந்தப் பக்கத்துல ஒரு பகா எண் வேணும்னு தேடித்தான் நீங்க 2³² + 1-ல வந்து நின்னிருந்தீங்கன்னா, 2³² − 5 எடுத்துக்கோங்க, 4294967291, 32 பிட்ல அடங்கற ஆகப் பெரிய பகா எண் அதுதான். 2³²-க்கு மேலதான் வேணும்னா முதல்ல வர்றது 2³² + 15, 4294967311.